மலைச்சரிவில் ஒரு சூரியப் புகைபோக்கி: ஏறும் வெப்பக் காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க முழுமையான வழிகாட்டி

இலங்கையின் மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு நீர்மின்சாரத்தை விளக்க வேண்டியதில்லை. 1950 இல் பழைய லக்சபான நிலையம் இயங்கத் தொடங்குவதற்கு முன்பே, பல தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகள் ஓடைக்கரையில் தமக்கென்று ஒரு சிறு சுழலியை வைத்திருந்தன. மேலே ஒரு அணை, சரிவில் இறங்கும் இரும்புக் குழாய், அடியில் சுழலி என்பதுதான் அந்த ஏற்பாடு. நீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறதோ அந்த அளவுக்கு வலு கூடும். சூரியப் புகைபோக்கியும் இதே ஏற்பாடுதான். ஆனால் இங்கே எல்லாம் தலைகீழாக நடக்கிறது: ஒளிபுகும் கூரையின் கீழ் வெயிலால் சூடான காற்று இலேசாகி, குழாய் வழியே மேலே ஏறி, போகிற போக்கில் சுழலியைச் சுழற்றிவிட்டு வெளியேறுகிறது. நீருக்கு இறங்கும் உயரம் எதுவோ, காற்றுக்கு ஏறும் உயரம் அது. உயரத்துக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் இதைச் செய்து பார்க்கலாம் என்ற எண்ணத்தை எனக்குத் தந்தது இந்த ஒப்புமைதான்.

பாடசாலை விஞ்ஞான மன்றமோ, ஒரு துண்டுச் சரிவு நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயியோ அமைக்கக்கூடிய 16 சதுர மீற்றர் மாதிரி ஒன்றை இங்கே படிப்படியாக விவரிக்கிறேன். அது தரக்கூடிய மின்வலு ஒரு வாற்றில் ஆறில் ஒரு பங்கு அளவே. சில சிறு எல்ஈடி விளக்குகளை அது எரிய வைக்கும். வீட்டுக்கு மின்சாரம் தராது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கருவியைப் பற்றிப் பேசுகிற பலர் இந்த எண்ணைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். கட்டி முடித்த பிள்ளைகள்தான் ஏமாந்து நிற்கிறார்கள். ஆனால் அதே கருவி நண்பகல் வெயிலில் நாலரைக் கிலோவாற்று வெப்பத்தைக் காற்றில் ஏற்றுகிறது. அந்த வெப்பத்தை என்ன செய்யலாம் என்பதை இறுதியில் பார்ப்போம்.

காற்றை மேலே தள்ளுவது எது

பண்டாரவளையின் உயரத்தில், அதாவது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1200 மீற்றரில், 22 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் காற்றின் நிறை ஏறத்தாழ 1.04 கிலோகிராம். அதையே 49 பாகைக்குச் சூடாக்கினால் 0.95 கிலோகிராமாகக் குறைகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள 90 கிராம் வித்தியாசம்தான் நமது முழு முதல். நீர்மின் நிலையத்தில் ஒரு கனமீற்றர் நீருக்கு 1000 கிலோகிராம் கிடைக்கிறது. ஆகவே ஒரே உயரத்தில், ஒரே கனவளவுக்கு, நீர் தருவதில் பதினோராயிரத்தில் ஒரு பங்கைத்தான் வெப்பக் காற்று தரும்.

எட்டு மீற்றர் உயரத்துக்கு இந்த வித்தியாசம் உண்டாக்கும் அமுக்கம் சுமார் 7 பஸ்கால், அதாவது ஒரு மில்லிமீற்றர் நீர்மட்டத்துக்கும் குறைவு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டில் விரல் நுழையும் ஓட்டை இருந்தாலும், அச்சு சற்று இறுகியிருந்தாலும், குழாயில் தேவையற்ற ஒரு வளைவு வந்தாலும், இருந்த அமுக்கம் அங்கேயே தீர்ந்துவிடும். பின்னால் வரும் வேலைகளில் நான் காட்டச் சொல்லும் கவனம் எல்லாம் இந்த 7 பஸ்காலைக் காப்பாற்றுவதற்கே.

ஸ்பெயினில் நின்ற கோபுரம்

இந்த யோசனை புதியதல்ல. 1903 இலேயே இசிடோரோ கபான்யெஸ் என்ற ஸ்பானிய இராணுவப் பொறியியலாளர் இத்தகைய ஒரு நிலையத்தை முன்மொழிந்தார். அதைப் பெரிய அளவில் கட்டிக் காட்டியவர் ஜெர்மனியக் கட்டமைப்புப் பொறியியலாளர் யோர்க் ஷ்லைக். ஸ்பெயினின் மன்சனாரெஸ் நகருக்கு அருகே, ஜெர்மன் அரசின் நிதியில், 1982 இல் இயங்கத் தொடங்கிய அந்த நிலையத்தின் கோபுரம் 195 மீற்றர் உயரமும் 10 மீற்றர் விட்டமும் கொண்டது. அதைச் சுற்றி 244 மீற்றர் விட்டத்தில் ஒளிபுகும் கூரை விரிந்திருந்தது. உச்ச வலு 50 கிலோவாற்று. மெல்லிய தகரத்தால் ஆன அந்தக் கோபுரத்தை இழுகம்பிகளே தாங்கி நின்றன. குறுகிய காலச் சோதனைக்காகவே கட்டப்பட்ட அது ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நின்று, கம்பிகள் துருப்பிடித்த நிலையில் 1989 இல் புயலில் சாய்ந்தது. கம்பியைப் பற்றிய இந்தச் செய்தியை எட்டு மீற்றர்க் கருவி அமைப்பவரும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

பொருள் வாங்குமுன் கணக்கு

ஒரு கிலோவாற்று வெப்பத்தை ஏந்திய காற்று ஒரு மீற்றர் உயரம் ஏறினால், அதிலிருந்து கொள்கையளவில் பெறக்கூடிய வலு 0.033 வாற்று. புவியீர்ப்பு ஆர்முடுகலை, காற்றின் தன்வெப்பக் கொள்ளளவாலும் வெளிக்காற்றின் தனி வெப்பநிலையாலும் வகுத்தால் இந்த எண் வரும்; உயர்தர மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கலாம். குழாயின் விட்டமோ கூரையின் வடிவமோ இதில் இல்லை. வெப்பம், உயரம் ஆகிய இரண்டுமே வலுவைத் தீர்மானிக்கின்றன.

மன்சனாரெஸில் இதைப் பொருத்திப் பார்ப்போம். அங்கே கூரையின் பரப்பு ஏறத்தாழ 46,000 சதுர மீற்றர். உச்சி வெயிலில் சதுர மீற்றருக்கு ஒரு கிலோவாற்று விழ, அதில் மூன்றில் ஒரு பங்கு காற்றில் சேர்ந்தால் சுமார் 15,000 கிலோவாற்று. அதை 195 ஆலும் 0.033 ஆலும் பெருக்கினால் 96 கிலோவாற்றுக்கு மேல் வருகிறது. உராய்விலும், கோபுரத்தின் வாயில் வெளியேறும் காற்றின் வேகத்திலும், சுழலியிலும் பாதியை இழந்தால் மீதி 50 கிலோவாற்று. ஒரு வரிக் கணக்கு நிஜத்துக்கு இவ்வளவு அருகில் வருவதால், நமது சரிவுக்கும் அதை நம்பிப் பயன்படுத்தலாம்.

நமது மாதிரியில் கூரை 8 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம். தெளிந்த வானத்தில் சதுர மீற்றருக்கு 800 வாற்று விழ, அதில் 35 சதவீதம் காற்றில் சேர்கிறது என்று கொண்டால் வெப்பம் சுமார் 4.5 கிலோவாற்று. உயரத்தைக் கணக்கிடும்போதுதான் சரிவின் பயன் தெரிகிறது. சமதரையில் கூரை வெறும் வெப்பமேற்றி மட்டுமே. 30 பாகைச் சரிவில் படுத்த 8 மீற்றர்க் கூரையோ தானே 4 மீற்றர் உயரும் ஒரு குழாயாகிறது. அடியிலிருந்து நுனிவரை காற்று படிப்படியாகச் சூடாவதால் அதில் பாதியை, அதாவது 2 மீற்றரைக் கணக்கில் சேர்க்கலாம். அதன் மேல் 6 மீற்றர்ப் புகைபோக்கி நின்றால் மொத்தம் 8 மீற்றர். 4.5, 8, 0.033 மூன்றையும் பெருக்கினால் சுமார் 1.2 வாற்று. அதில் பாதி சுழலியை அடைந்து, சிறு சுழலியிலும் சிறு மோட்டாரிலும் மேலும் இழப்பு ஏற்பட, கம்பியில் வருவது 0.15 வாற்று அளவில் இருக்கும். உங்கள் நிலத்தின் சாய்வு, நீளம், வெயில் ஆகியவற்றை இட்டு இதே கணக்கை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேலை முடிந்த பின் அளந்த எண்ணை அதன் பக்கத்தில் எழுத வேண்டும்.

இடம் தெரிதல்

மலையகத்தில் வெயில் காலைக்கு உரியது. ஹப்புத்தளை முகட்டில் நின்று தெற்கே பார்த்தால், காலையில் தெளிவாகத் தெரியும் தாழ்நிலம் பல நாட்களில் நண்பகலுக்கு முன்பே, கீழிருந்து ஏறிவரும் மூடுபனியில் மறைந்துவிடும். வெயிலால் சூடான சரிவை ஒட்டி மேலேறும் காற்று தன்னோடு ஈரத்தையும் கொண்டுவருவதால் உண்டாகும் பனி அது. நாம் கட்டப்போகும் கருவியை மலை ஏற்கனவே தன் உடம்பில் இயக்கிக்கொண்டிருக்கிறது என்று இதைப் பார்க்கும் போதெல்லாம் தோன்றும். பிற்பகலை நம்ப முடியாது என்பதால் கிழக்கு நோக்கிய சரிவையே தெரிவு செய்யுங்கள். 30 பாகை கிழக்குச் சரிவில் முற்பகல் பத்து மணியளவில் வெயில் கூரைமேல் ஏறத்தாழ நேராக விழும்.

பருவமும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல வெயில் கிடைக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பகுதிகளுக்கு ஜூன் முதல் செப்டெம்பர் வரை ஏற்ற காலம். ஆனால் அதே மாதங்களில் ஊவாவில் கச்சான் காற்று கடுமையாக வீசும். அதற்கேற்பக் கூரையை இறுக்கிக் கட்ட வேண்டும்.

இடத்தைத் தீர்மானிக்கும் முன் மூன்று நாட்கள் காலையில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திச் சரிவின் நடுவில் முழங்கால் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். விடியற்காலையில் புகை சரிவின் கீழ்ப்பக்கம் வழிந்து இறங்கும். வெயில் விழுந்து சற்று நேரத்தில் அது தயங்கி நிற்கும். பிறகு மேற்பக்கம் சாயத் தொடங்கும். அந்தத் திருப்பம் முந்தி நிகழும் இடமே நல்ல இடம். முகட்டின் காற்று குறுக்கே அடித்துப் புகையைச் சிதறடிக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

ஒரு விடயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. சரிவை வெட்டித் தட்டையாக்காதீர்கள். நீர் வடியும் கான்களை மறிக்காதீர்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணோடு போனதைக் கண்ட மண் இது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், புதிதாகக் கசியும் ஊற்று ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த இடம் வேண்டாம். சந்தேகம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டக் காணியாக இருந்தால் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும்.

படுக்கையும் கூரையும்

வெப்பத்தை உறிஞ்சும் படுக்கைக்குக் கறுப்புக் கல் பரப்பலாம் என்று பலர் சொல்வார்கள். கல் வெப்பத்தைத் தேக்கி மாலையில் திருப்பித் தரும் என்பது உண்மைதான். ஆனால் நண்பகலோடு வெயில் போய்விடும் ஊரில், கல்லைச் சூடாக்குவதிலேயே முற்பகல் கழிந்துவிடும். ஆகவே விரைவில் சூடாகும் பழைய கூரைத் தகரத்தையே நான் பரிந்துரைக்கிறேன். நிலத்தில் முதலில் ஒரு பொலித்தீன் விரிப்பு, அதன் மேல் ஒரு சாண் தடிப்பில் நன்றாகக் காய்ந்த மானாப்புல், அதன் மேல் பளபளப்பில்லாத கறுப்பு வர்ணம் பூசிய தகரம் என்று அடுக்குங்கள். தகரத்தின் நெளிவுகள் சரிவின் போக்கிலேயே மேல் நோக்கி ஓட வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு நெளிவும் காற்றைத் தடுக்கும்.

கூரைக்கு நுவரெலியா, வெலிமடைப் பக்கம் மரக்கறிக் கூடாரங்களுக்குப் போடும் புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரோன் பொலித்தீன் போதும். சாதாரணப் பொலித்தீன் சில மாதங்களில் வெளிறி நொறுங்கிவிடும். தகரத்துக்கு மேலே 15 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு, இரு பக்கமும் பலகை நிறுத்தி, ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு வளைந்த மூங்கில் சிம்பு கொடுத்து, பொலித்தீனை அதன் மேல் இழுத்துக் கட்டுங்கள். சட்டத்தில் ஆணி அடிக்கும் இடமெல்லாம் பழைய சைக்கிள் ரியூப் துண்டை வைத்து அதன் மேல் ஆணி அடித்தால், காற்றில் பொலித்தீன் அங்கிருந்து கிழியாது. பக்கப் பலகைகளின் அடியை களிமண்ணால் அடைத்துவிடுங்கள். கீழ் விளிம்பு முழுவதும் திறந்திருக்க வேண்டும். இலையும் குருவியும் புகாதபடி அகன்ற கண்ணுள்ள வலை மட்டும் கட்டலாம். நுண்வலை வேண்டாம், அது 7 பஸ்காலில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மேல் முனையில் இரண்டு மீற்றர் அகலமும் படிப்படியாகக் குறுகி, 30 சென்ரிமீற்றர் வட்டக் குழாயைச் சேர வேண்டும். இந்த ஒடுக்கத்தைத் தகரத்தில் மழுங்கலான வளைவாகச் செய்யும்படி தகர வேலைக்காரரிடம் கேளுங்கள். கூரிய மூலைகளில் காற்று சுழன்று நின்றுவிடும்.

புகைபோக்கி

துருப்பிடிக்காதபடி நாகம் (சிங்க்) பூசிய மெல்லிய தகரத்தை 30 சென்ரிமீற்றர் விட்டத்தில் உருட்டி, ஆறு ஒரு மீற்றர்த் துண்டுகளாகச் செய்துகொள்ளுங்கள். பொருத்தும்போது மேல்துண்டு கீழ்த்துண்டின் வெளிப்பக்கமாக இறங்கினால் மழைநீர் உள்ளே வராது. மூட்டுகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்து, குழாய் முழுவதையும் தென்னந்தும்பால் இரண்டு விரற்கடை தடிப்புக்குச் சுற்றி, அதன் மேல் உரப்பையைத் தைத்து மூடுங்கள். மலைக்காற்றில் வெறும் தகரம் குளிர்ந்துபோகும். உள்ளே ஏறும் காற்று வெப்பத்தை இழந்தால் ஏற்றத்தையும் இழந்துவிடும். உச்சியில் மழை மூடி வைக்கும்போது குழாய்க்கும் மூடிக்கும் இடையில் 15 சென்ரிமீற்றர் விடுங்கள். குழாயின் வாய்ப்பரப்புக்குச் சமமான வழி கிடைக்க ஏழரைச் சென்ரிமீற்றர் போதும் என்றாலும், காற்று அங்கே திரும்ப வேண்டியிருப்பதால் இருமடங்கு தேவை.

இழுகம்பிகள் மூன்று திசையில், இரண்டு மட்டங்களில் வேண்டும். எங்கள் முதல் முயற்சியில் இரும்பு முளைகளை நிலத்தில் அடித்துக் கம்பியைக் கட்டினோம். அடைமழையில் மூன்று நாள் ஊறிய மண்ணில், பெரிய காற்று எதுவும் இல்லாமலே மேற்சரிவு முளை பல் ஆடுவதுபோல ஆடிக் கழன்று வந்தது. அதன் பிறகு முழ நீளக் கருங்கல்லைக் கம்பியால் கட்டி, இரண்டு அடி ஆழக் குழியில் புதைத்து, மண்ணை இடித்து மூடினோம். அது அசையவே இல்லை. கம்பியில் துருவை மாதம் ஒரு முறை பாருங்கள். மாலையில் இடி இடிக்கும் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மலைச்சரிவில் நிற்கும் தகரக் குழாய் மின்னலை அழைக்கும். ஆகவே தடித்த செப்புக் கம்பியால் அதை நிலத்தோடு இணைப்பது கட்டாயம். வானம் இருண்டால் எவரும் அருகில் நிற்கக் கூடாது.

சுழலி

அதிகம் பேர் தோற்றுப்போவது இங்கேதான். முதலில் ஒரு தெளிவு: திறந்த வெளியில் நிற்கும் காற்றாலை காற்றின் வேகத்தைப் பிடிக்கிறது, குழாய்க்குள் இருக்கும் நமது சுழலி, நீர்மின் நிலையச் சுழலியைப்போல அமுக்கத்தைப் பிடிக்கிறது. இதனால் சிறகின் நுனிக்கும் குழாயின் சுவருக்கும் இடையிலுள்ள சந்து மிக முக்கியமாகிறது. அது 3 மில்லிமீற்றரைத் தாண்டினால் காற்று சிறகைச் சுழற்றாமல் சந்து வழியே நழுவிப் போய்விடும். குழாயின் அடியில், ஒடுக்கம் முடியும் இடத்தில் சுழலியை வையுங்கள். எட்டிப் பிடித்துத் திருத்தவும் அந்த இடமே வசதி.

110 மில்லிமீற்றர் பிவிசி குழாயைச் சாய்வாக வெட்டி எடுத்தால் முறுக்குள்ள சிறகு தானாகவே கிடைக்கும். ஆறு சிறகுகள் போதும். சுழலும் தளத்திலிருந்து அளந்தால், நுனியில் 20 பாகையும் அடியில் 45 முதல் 50 பாகை வரையும் சாய்வு இருக்கட்டும். நுனி விரைவாகவும் அடி மெதுவாகவும் ஓடுவதால், ஏறும் காற்று இரண்டையும் வெவ்வேறு கோணத்தில் சந்திக்கிறது. முறுக்கு அதற்காகத்தான். சிறகுகளைப் பொருத்தியபின் அச்சைக் கிடையாகப் பிடித்துச் சுழற்றி, எப்போதும் ஒரே சிறகு கீழே வந்து நின்றால் அதன் முதுகை அரத்தால் சற்று தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

மின்பிறப்பாக்கியாக நாங்கள் முதலில் எடுத்தது பழைய பிரிண்டரில் இருந்த ஸ்டெப்பர் மோட்டார். குறைந்த வேகத்திலும் நல்ல வோல்ற்றளவு தரும் என்று படித்திருந்தோம். நல்ல வெயில், கூரைக்குள் கை வைக்க முடியாத சூடு, ஊதுபத்திப் புகை உறிஞ்சப்பட்டுக் குழாய்க்குள் மறைகிறது. சுழலி மட்டும் அசையவில்லை. அந்த மோட்டாரின் அச்சை விரலால் மெதுவாகத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்று படிப்படியாக நின்று போவது தெரியும். உள்ளேயுள்ள காந்தம் ஒவ்வொரு படியிலும் அச்சைப் பிடித்து வைக்கிறது. அந்தப் பிடியை மீறும் திறன் இந்தக் காற்றுக்கு இல்லை. அதற்குப் பிறகு எந்த மோட்டாரையும் ஒரு சோதனை செய்யாமல் நான் பொருத்துவதில்லை. அச்சில் ஒரு குளிர்பானக் குழலைக் கிடையாக ஒட்டி, அச்சிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில் 3 கிராம் நிறையைத் தொங்கவிடுங்கள். அச்சு எந்த நிலையில் இருந்தாலும் குழல் தாழ வேண்டும். ஒரு நிலையிலாவது அப்படியே நின்றுவிட்டால் அந்த மோட்டார் வேண்டாம். பிரிண்டர்களில் தாளை இழுக்கும், 24 வோல்ற்று என்று எழுதிய சாதாரண நேரோட்ட மோட்டார்கள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறும். நிமிடத்துக்கு 400, 500 சுற்றில் 2 முதல் 4 வோல்ற்று வரை தரும். கணினி விசிறியை அப்படியே பொருத்துவதால் பயனில்லை; அதற்குள் இருக்கும் மின்சுற்று மின்சாரத்தை வெளியே விடாது.

விளக்கும் அளவையும்

சிவப்பு எல்ஈடி 2 வோல்ற்றுக்குள் ஒளிரும். வெள்ளைக்கு 3 வோல்ற்று வேண்டும். ஆகவே சிவப்பிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் தொடராக 47 ஓம் தடையி ஒன்று போதும். முகில் கடக்கும்போது விளக்கு அணையாதிருக்க, மோட்டாருக்குப் பின், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஷொட்கி இருவாயி (டயோட்) ஒன்றையும், மின்னைத் தேக்கி வைக்கும் 5.5 வோல்ற்று, 1 பரட் கொள்ளளவி ஒன்றையும் இணைக்கலாம். 4 வோல்ற்றுக்கு நிரம்பினால், மங்கலான ஒரு சிவப்பு விளக்கை அது ஐந்து நிமிடம் தாங்கும்.

வலுவை அளக்க விளக்கைக் கழற்றிவிட்டு 10, 22, 47, 100, 220 ஓம் தடையிகளை ஒவ்வொன்றாக இணைத்து, வோல்ற்றளவை மல்ரிமீற்றரில் பாருங்கள். வோல்ற்றளவின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வலு. எந்தத் தடையில் அது உச்சமோ அதற்கு அருகான சுமையே உங்கள் சுழலிக்கு ஏற்றது. வெப்பமானிகள் இரண்டு வேண்டும்: ஒன்று கீழ் வாயில் நிழலில், மற்றொன்று புகைபோக்கியின் அடியில். 27 பாகை அளவு வித்தியாசம் வந்தால் நமது கணக்கோடு ஒத்துப்போகிறது.

காற்றின் வேகத்துக்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. சுழலியைக் கழற்றிவிட்டு, ஒரு மாணவர் கீழ் வாயில் நான்கைந்து ஊதுபத்திகளைச் சேர்த்துப் பிடிக்க, இன்னொருவர் மேலே குழாயின் வாயைப் பார்த்தபடி கைபேசியில் நேரம் குறிக்கட்டும். கூரைக்குள் செக்கனுக்கு அரை மீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் 14 செக்கன், குழாய்க்குள் 2.4 மீற்றர் வேகத்தில் 2 அல்லது 3 செக்கன், ஆக 16, 17 செக்கனில் புகை மேலே தெரிய வேண்டும். 25 செக்கன் பிடித்தால் எங்கோ ஓட்டை அல்லது அடைப்பு இருக்கிறது. அதே ஊதுபத்தியைப் பக்கப் பலகைகளின் ஓரமாக நகர்த்தினால் புகை உள்ளே இழுபடும் இடமே அந்த ஓட்டை.

பெரிதாக்கலாமா

வலு உயரத்தோடு பெருகுவதால், நூறு மீற்றர் உயரத்துக்குக் குழாயைச் சரிவிலேயே படுக்க வைத்தால் என்ன என்று கட்டாயம் கேள்வி எழும். 1000 சதுர மீற்றர்க் கூரையும் 100 மீற்றர் உயரமும் இருந்தால், கணக்கின்படி 920 வாற்று அளவில் வருகிறது. இழப்புகளுக்குப் பின் அதில் பாதி. நண்பகலில் ஏறத்தாழ 450 வாற்று. அதே 1000 சதுர மீற்றரில் சூரியப் படலங்களைப் பொருத்தினால் நல்ல வெயிலில் 150 கிலோவாற்று கிடைக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு: ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குளிரும். வெளிக்காற்றும் அதே அளவில் குளிர்ந்தால் இழப்பு இல்லை. ஆனால் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி நிற்கும் காலை வேளைகளில், மேலே போகப் போக வெளிக்காற்று வெப்பமாகவே இருப்பதால் குழாயின் ஏற்றம் தளரும். அவுஸ்திரேலியாவில் ஒரு கிலோமீற்றர்க் கோபுரத்துடன் 200 மெகாவாற்று நிலையம் ஒன்று பல ஆண்டுகள் திட்டமாகவே இருந்து, கட்டப்படாமல் போனது. மின்சாரத்துக்காக மட்டும் ஒரு தேயிலை மலையையோ காட்டையோ பொலித்தீனால் மூடுவதை என்னால் ஒருபோதும் ஆதரிக்க முடியாது. வீட்டுக்கு மின்சாரம் வேண்டுவோருக்குக் கூரைமேல் சூரியப் படலம் அல்லது ஓடையில் சிறு நீர்ச் சுழலிதான் சரியான வழி.

ஆனால் 16 சதுர மீற்றர்க் கருவியின் வெப்பம் வேறு கதை. கூரையின் மேல் முனைக்கும் சுழலிக்கும் இடையில் ஒரு பலகைப் பெட்டியை வைத்து, கம்பி வலைத் தட்டுகளில் மிளகு, கோப்பி, கிராம்பு, நறுக்கிய மரக்கறி ஆகியவற்றைப் பரப்பலாம். ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 கிலோவாற்று மணி வெப்பம் தேவை. நாலரைக் கிலோவாற்றில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே பயன்பட்டாலும், நல்ல வெயிலில் மணிக்கு இரண்டு கிலோகிராமுக்கு மேல் நீர் வெளியேறும். தட்டில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். குவித்தால் அமுக்கம் அங்கேயே தீர்ந்து காற்று நின்றுவிடும். ஈரக் காற்றில் மோட்டாரின் அச்சு துருப்பிடிக்காமல் வாரம் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடுங்கள்.

எல்ஈடியின் கம்பியை வீட்டு வாசல்வரை நீட்டி, நிலைக்கதவின் மேல் பொருத்திவிடுங்கள். அது எரியும் வரை பெட்டிக்குள் காற்று ஓடுகிறது, மிளகு காய்கிறது என்று பொருள். பனிமூட்டம் ஏறி விளக்கு மங்கத் தொடங்கினால், புகைபோக்கியின் வாயை மூடிவிட்டுத் தட்டுகளை உள்ளே எடுங்கள். அரை மணி தாமதித்தாலும் காய்ந்த மிளகு மீண்டும் ஈரம் பிடித்துவிடும்.